இடுப்பில் பட்டி இல்லாத பச்சை கார்டிகன்

உங்கள் அக்கா செத்ததற்குக் காரணம் நீங்கள். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு, மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பெயர் போட்டுச் சண்டை இழுக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். நான் போடவில்லை. நீங்கள் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர், மலர் கனடாவுக்கும் வந்து சேரும், படித்தால் உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு உங்கள் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகு என் முதல் வரி சரியா தப்பா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கிழக்கேகோட்டையில் பாத்திரக் கடை. வாரத்தில் மூன்று நாள் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு டயாலிசிஸுக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன். எனக்கு அடுத்த கட்டில் உங்கள் அக்காவுக்கு, எங்களுக்கு மாமி. ஸ்ரீவராகத்தில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணக்கு ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து, உடம்பு முடியாமல் முன்னதாகவே ஓய்வு வாங்கியவர். சொந்தம் என்று சொல்ல ஒரு தம்பி.

டயாலிசிஸ் அறை எப்படிக் குளிரும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வாசலில் வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே ஏசி. அதோடு ரத்தம் குழாய் வழியாக வெளியே போய் மெஷினைச் சுற்றிவிட்டு உள்ளே வரும். எலும்புக்குள் தண்ணீர் ஊற்றியதுபோல் இருக்கும். மாமி வந்த முதல் நாள் அவருக்குப் பல் கிட்டித்தது. மலையாளி நர்ஸைக் கூப்பிட்டு, "மோளே, ஈ தணுப்பு கொஞ்சம் குறைக்காமோ?" என்று கேட்டார். குளிரைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று.

"இப்போ செய்யாம் அம்மே," என்று, குறைப்பதாகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் வேறொரு கட்டிலில் மெஷின் கத்தியதால் ஓடிவிட்டாள். பிறகு மறந்துவிட்டாள். மாமி கண்ணை மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டே கிடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மாமி இப்படிக் கெடந்து வெறைக்கீங்க? சத்தமாக் கூப்பிடுங்க. நான் கூப்பிடவா?"

"வேண்டாம் அண்ணாச்சி. சொல்லியாச்சு. அவ காதுல விழுந்துது."

"விழுந்து என்ன பிரயோஜனம்? மறந்துட்டால்ல. இன்னொருக்கச் சொல்லுங்க."

"ஒரு தரம் கேட்டா அது கேக்கறது. ரெண்டாந்தரம் கேட்டா அது பிச்சை," என்றார். பல் கிட்டித்துக்கொண்டிருந்ததால் அதையே மூன்று துண்டாகச் சொன்னார்.

மாமியைப் பற்றித் தெரிந்துகொள்ள இது ஒன்று போதும். யாரிடமும், எதையும், இரண்டாவது தரம் கேட்கமாட்டார். ஆட்டோக்காரரிடம் கோவில் நடையில் நிறுத்தச் சொல்லி, அவர் கவனிக்காமல் அடுத்த முக்கு வரை போய்விட்டால், அங்கே இறங்கி வெயிலில் திரும்பி நடப்பார். ஹோட்டலில் தண்ணீர் கேட்டு வரவில்லை என்றால் விக்கிக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவார். முதலில் இதைத் திமிர் என்று நினைத்தேன். அவரிடமே சொன்னேன். "இருக்கும் அண்ணாச்சி," என்று சிரித்தார்.

அடுத்த வாரம் ஒரு பழைய புடவைப் பையோடு வந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கார்டிகன். முன்பக்கம் திறந்து பொத்தான் போடுகிற ஸ்வெட்டர். அவரே பின்னியது. இடது கை மட்டும் மணிக்கட்டிலிருந்து தோள் வரை திறந்து, நெடுகப் பொத்தான் வைத்திருந்தது. டயாலிசிஸ் ஊசி ஏற்றுவது அவருக்கு இடது கையில். ஊசி ஏற்றும்போது திறந்துவிட்டு, ஏற்றி முடித்ததும் பொத்தான்களைப் போட்டுக்கொண்டால் உடம்பு முழுக்க மூடியிருக்கும். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அம்மே, இது மறைக்கல்லே! சோர வந்நால் ஞான் எங்ஙனெ அறியும்?"

ரத்தம் கசிந்தால் தெரியாமல் போய்விடும் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். மாமி வீட்டுக்குப் போய் அந்தக் கையை மட்டும் முழுக்கப் பிரித்தார். அடுத்த தடவை வந்தபோது ஊசி இருக்கும் இடத்தில் மடித்து மேலே மாட்டிவிடுகிற மாதிரி ஒரு மடல் இருந்தது. நர்ஸ் தூர நின்றே பார்க்கலாம். அப்படி ஒன்றை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. எங்கேயும் விற்காது. ஏசியைக் குறைக்கச் சொல்லி இரண்டாவது தரம் கேட்க மனம் வராததால் ஒரு மனுஷி உட்கார்ந்து உண்டாக்கிய சட்டை அது.

அவர் பின்னியது எல்லாமே அப்படி வந்ததுதான். அந்தச் சாம்பல் நிறத்துக்கே ஒரு கதை உண்டு. என் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு ஃபேன்சி ஸ்டோர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொம்மை செய்ய உல்லன் நூல் வாங்குவார்கள். சிவப்பு, மஞ்சள், ரோஸ் எல்லாம் இருக்கும். மாமி சாம்பல் கேட்டிருக்கிறார். அடுத்த சரக்கில் வரும் என்றிருக்கிறான். வரவில்லை. மறுபடி கேட்கவில்லை. கறுப்பு ஒரு உருண்டை, வெள்ளை ஒரு உருண்டை வாங்கி, இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்துப் பின்னிவிட்டார். தூரத்தில் சாம்பல். கிட்டத்தில் பார்த்தால் மழைச்சாரல் மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனபோது அந்தக் கடைக்காரனே, இந்த நூல் எங்கே கிடைத்தது என்று கேட்டானாம்.

"என்ன சொன்னீங்க?"

"உங்க கடையிலதான்னேன். நம்பலை அவன்."

பின்னக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சிக்காக சிம்லாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஆபீஸ் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் வெயிலில் உட்கார்ந்து பின்னுவார்களாம். ஒருத்தியிடம், எனக்குச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார். நாளைக்கு என்றிருக்கிறாள். அந்த நாளைக்கு வரவே இல்லை. மாமி தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டார். எதிரே உட்கார்ந்து பார்த்ததால் எல்லாம் இடம் வலமாக மாறிவிட்டது. கையெழுத்துப் போடுவது வலது கையால், பின்னுவது மட்டும் இடது கைக்காரி மாதிரி. புத்தகத்தில் போட்டிருக்கிற டிசைன் எதுவும் அவர் கைக்குச் சரிவராது. அதைப் பார்த்துப் பின்னினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கும். அதனால் எல்லாவற்றையும் அவரே யோசித்து, அவரே வரைந்து, அவரே பின்னினார்.

டயாலிசிஸ் நேரத்தில் பின்ன முடியாது. ஒரு கை அசையக் கூடாது. வலது கை விரல்கள் மட்டும் போர்வைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். நான் சாமி பெயர் சொல்கிறார் என்று நினைத்து ரொம்ப நாள் பேச்சுக் கொடுக்காமல் இருந்தேன். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"மாமி, எந்த சாமிக்கு இவ்வளவு நாமம்?"

"நாமமா? கழுத்துக்குப் பின்னல்ல எத்தனை கண்ணி குறைக்கணும்னு கணக்குப் போட்டுண்டிருக்கேன். நீங்க பேசி எல்லாம் போச்சு."

"போனாப் போட்டும். இந்த ஊர்ல ஸ்வெட்டர் பின்னுத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"இந்த ஊர்ல வெறைச்சுண்டு கெடக்கறதும் நாமதானே."

வீட்டில் பின்னும்போது வியர்வையில் ஊசி வழுக்கும் என்று கையில் டால்கம் பவுடர் போட்டுக்கொள்வார். அவர் பின்னிய எதை எடுத்து மோந்தாலும் பவுடர் வாசனை அடிக்கும்.

அவரிடம் யாராவது ஏதாவது கேட்டால் ஒரு தரமே போதும். ஏசியை மறந்தாளே, அதே நர்ஸ், "பொன்முடி மலைக்கு டூர் போறோம், எனக்கொரு ஸ்கார்ஃப்," என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். "கல்லாறு வரைக்கும் வேர்க்கும்டீ, அதுக்குமேல போனா மஞ்சு, குளிர், அப்புறம் திரும்ப வேர்க்கும்," என்று மாமி யோசித்து, நடுவில் ஒரு துளை வைத்துப் பின்னிக் கொடுத்தார். ஒரு நுனியைத் துளையில் நுழைத்து இழுத்தால் கழுத்தில் இறுகும். வேர்த்தால் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். அந்தப் பெண் இன்றைக்கும் அதை ஹாஸ்பிடல் லாக்கரில் வைத்திருக்கிறாள். மாமி போன பிறகு அதைக் கழுத்தில் போடவில்லை.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன், தம்பி அவர்களே.

நீங்கள் ஊருக்கு வந்திருந்தபோது அக்காவைப் பார்க்க வார்டுக்கு வந்தீர்கள். முன்னொரு குளிர்காலத்துக்கு மாமி பின்னி அனுப்பிய நீல கார்டிகனைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். ஆறு கட்டிலிலும் ஆள் இருந்தோம். நர்ஸ் நின்றாள். மாமி உங்களைப் பார்த்து, எங்கள் எல்லார் காதிலும் விழும்படி, ஒரு தரம் கேட்டார்.

"ஏண்டா, உன்னோட கிட்னில ஒண்ணு எனக்குத் தருவியா?"

"என்னக்கா கேள்வி இது? எனக்கு ரெண்டு இருக்கே. ஒண்ணு உனக்குத்தான்," என்றீர்கள்.

நர்ஸ் அழுதாள். கடைசிக் கட்டிலில் இருந்த ஒரு பஸ் கண்டக்டர் கையில் ஊசியோடு கைதட்டப் போய்த் திட்டு வாங்கினார். நானும் கண்ணைத் துடைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். ரத்த வகை ஒன்றுதான். முதல் பரிசோதனைகளும் பொருந்திவந்தன. மீதியை அடுத்த லீவில் வந்து முடித்துவிட்டு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள்.

அதன் பிறகு லீவு கிடைக்கவில்லை. அப்புறம் வீடு மாறினீர்கள். அப்புறம் பிள்ளைக்குப் பரீட்சை. அப்புறம் ஏப்ரலில் நிச்சயம். ஏப்ரல் வந்தது, அது அடுத்த வருஷத்து ஏப்ரல் ஆகிவிட்டது. ஒரு தடவைகூட மாட்டேன் என்று நீங்கள் சொல்லவில்லை.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் என் அண்ணனிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கடைக்கு வந்து, குடங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னான்: "எனக்குப் பயமா இருக்குலே மக்கா. என்னால முடியாது." நான் கெட்ட வார்த்தை சொல்லித் துரத்தினேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் டாக்டரிடம் போய், இறந்தவர்களிடமிருந்து எடுத்துத் தருகிறார்களே, அந்த வரிசையில் என் பேரைக் கொடுத்துவிட்டேன். இன்னும் வரவில்லை, காத்திருக்கிறேன். அண்ணன் ஓணத்துக்கு வீட்டுக்கு வந்தான், பாயசம் குடித்தான். அவன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. முடியாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னானே, அதனால் நான் வேறு வழியைத் தேடிப் போனேன்.

மாமியிடமும் டாக்டர் அதே வரிசையில் பெயர் கொடுக்கச் சொன்னார். மாமி, வேண்டாம், தம்பி தருகிறான் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வார்டில் ஒரு பஸ் கண்டக்டர் என்றேனே, அவர் மாமிக்குப் பிறகு வந்தவர். மாமியின் ரத்த வகைதான். அவர் வரிசையில் பெயர் கொடுத்திருந்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு ஃபோன் வந்தது. ஆபரேஷன் நடந்தது. பிழைத்துவிட்டார். இப்போது மறுபடி பஸ்ஸில் விசில் ஊதுகிறார், நன்றாக இருக்கட்டும். மாமி சந்தோஷப்பட்டு வார்டுக்கெல்லாம் பால்கோவா கொண்டுவந்தார். சாப்பிட முடியாத நாங்கள் எல்லாரும் அதை மோந்து பார்த்துவிட்டு நர்ஸ்களுக்குக் கொடுத்தோம்.

அன்றைக்கு நான் மாமியோடு சண்டை போட்டேன்.

"மாமி, இந்தக் கிட்னி உங்களுக்கு வந்திருக்கும். உங்க வகை. நீங்க அந்தாளுக்கு முன்னால வந்தவங்க. பேரைக் குடுங்க."

"அவனுக்குப் பிராப்தம், அவனுக்குக் கிடைச்சுது."

"பிராப்தமாவது மண்ணாவது. நூல்காரன் சரக்குக் கொண்டாரலேன்ன உடனே கறுப்பையும் வெள்ளையையும் சேத்துப் பின்னினீங்கள்ல? இதுக்கும் அப்படி ஒரு வழி பாருங்க."

"நூல்காரன் யாரோ அண்ணாச்சி. இவன் என் தம்பி. எல்லார் முன்னாலயும் தரேன்னு சொன்னவன். நான் போய் அங்க பேர் குடுத்தா, உன்னை நான் நம்பலேடான்னு சொன்ன மாதிரி ஆயிடும். அதைக் கேட்டா அவன் மனசு என்ன பாடுபடும்?"

"அப்போ ஃபோன் பண்ணி எப்ப வாறேன்னு கேளுங்க."

"கேட்டாச்சு. ஒரு தரம்."

"நம்பரைத் தாங்க, நான் கேக்குதேன்."

மாமியின் முகம் மாறிவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "நீங்க கேட்டேள்னா நான் வேற ஷிஃப்டுக்கு மாத்திண்டுடுவேன். அப்புறம் இந்தப் பக்கம் வரவே மாட்டேன்," என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். செய்தாலும் செய்வார்.

அந்த மாதம்தான் பச்சை கார்டிகனைத் தொடங்கினார். உங்களுக்காக. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, "தம்பிக்கு எந்த இடத்துல கத்தி வைப்பேள்?" என்று கேட்டார். டாக்டர் தன் சட்டையின் மேலேயே பேனாவால் காட்டினார். இடது பக்கம், விலாவுக்குக் கீழே. மாமியின் விரல்கள் உடனே போர்வையில் ஓடத் தொடங்கிவிட்டன.

அவர் எனக்கு விளக்கிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபரேஷன் ஆனவன் கையைத் தலைக்கு மேலே தூக்கக் கூடாது, வலிக்கும். அதனால் தலைவழி மாட்டுகிற ஸ்வெட்டர் கூடாது, முழுக்கத் திறக்கிற கார்டிகன். இடுப்பில் எல்லா ஸ்வெட்டருக்கும் இழுத்துப் பிடிக்கிற ஒரு பட்டி இருக்கும். அது தையலை அழுத்தும். அதனால் பட்டி கிடையாது, தொளதொளவென்று நேராக இறங்க வேண்டும். பின்னலுக்கு ஒரு வழவழப்பான பக்கம் உண்டு, மேடும் பள்ளமுமான பக்கம் ஒன்று உண்டு. வழவழப்பு வெளியே தெரியும்படி பின்னுவதுதான் வழக்கம். உங்கள் கார்டிகனில் இடது விலாப் பக்கத்தை மட்டும் அவர் திருப்பிப் பின்னினார். வழவழப்பு உள்ளே. புதுத் தழும்பில் மேடு உரசக் கூடாது என்று.

"வெளியில பாக்க அசிங்கமா இருக்காதா மாமி? அந்த எடம் மட்டும் வேற மாதிரி தெரியுதே."

"பாக்கறவாளுக்கா பின்றேன்? அவன் ஒடம்புக்கு. எனக்காக வெட்டிக்கப் போறான். அந்த எடம் வலிக்கப்படாது."

நூல் மட்டும் நம் ஊர் நூல் இல்லை. ஆன்லைனில் வரவழைத்த மெல்லிய ஆட்டு ரோமம். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன இடது கையால் பின்னினார். நாளைக்குக் கொஞ்சம்தான் முடியும். கை வீங்கினால் ஒரு நாள் விட்டுவிடுவார். முடித்ததும், தெருவில் ஒரு பையன் கனடா போகிறான் என்று அவனிடம் கொடுத்தனுப்பினார். இப்போதே போட்டுப் பார்த்தால் அளவு சரியில்லாததைத் திருத்தலாம், ஆபரேஷனுக்கு வந்த பிறகு அவகாசம் இருக்காது என்று.

"எதுக்குப் பின்னினதுன்னு சொல்லிவிட்டீங்களா?"

"சொன்னா ரெண்டாந்தரம் கேக்கற மாதிரி ஆயிடும் அண்ணாச்சி."

நீங்கள் ஃபோன் செய்தபோது நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன். மாமியின் ஒரு கை மெஷினில். நர்ஸ் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்தாள். நீங்கள் பேசியது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

"அக்கா, ஸ்வெட்டர் வந்துது. சூப்பர்."

"இடுப்புல சரியா இருக்காடா?"

"கொஞ்சம் லூசா இருக்கு."

"லூசாத்தான் இருக்கணும்."

"ஏன்?"

மாமி வாயைத் திறந்தார். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று கையைக் கையை ஆட்டினேன். என் மெஷின் கத்தத் தொடங்கிவிட்டது. மாமி என்னைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார்.

"சும்மாத்தான். அங்க குளிர் எப்படி?"

"பயங்கரக் குளிர்க்கா. சரி, வைக்கட்டுமா? ஏப்ரல்ல பாக்கலாம்."

"சரிடா. ஜாக்கிரதை."

ஃபோனை வைத்த பிறகு வெகு நேரம் மாமியின் விரல்கள் அசையவில்லை.

அதற்கப்புறம் சீக்கிரமே அவர் கை அடைத்துக்கொண்டது. டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாயை இணைத்து வைத்திருப்பார்களே, அது வேலை செய்யவில்லை. கழுத்தில் குழாய் போட்டார்கள். மடல் வைத்த கார்டிகன் இனி உதவாது. கழுத்தோரம் திறக்கிற மாதிரி வேறொன்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். "இது இன்னும் சுலபம் அண்ணாச்சி, காலர்லயே பொத்தான் வெச்சுட்டாப் போறும்," என்றார். கழுத்துக் குழாயில் கிருமி ஏறியது. காய்ச்சல். ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள்.

என் டயாலிசிஸ் முடிந்ததும் தள்ளாடிக்கொண்டு போய்ப் பார்த்தேன். போர்வைக்குள் தூக்கிப் போட்டது அவருக்கு. ஏசியைக் குறைக்கச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னார். மூச்சுக் காற்றாகத்தான் பேசினார்.

"இல்லைன்னு சொன்னா நான் என்ன சண்டையா போடப் போறேன் அண்ணாச்சி? சொல்லிருந்தா வேற வழி பாத்திருப்பேன். எனக்கு வழி பாக்கத் தெரியாதா?"

உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உங்களைத் திட்டவும் இல்லை. அதற்கடுத்த நாள் போய்விட்டார்.

நீங்கள் வரவில்லை. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கொள்ளி வைத்தார். வார்டில் இருந்து நானும் கண்டக்டரும் போனோம். கண்டக்டர் முழு உடம்போடு நின்றுகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர்களுக்குப் பிறகு வந்தவன் நான், எனக்கு முன்னால் போய்விட்டார்களே என்று மலையாளத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பதினைந்து நாள் கழித்து என் மகன் ஃபோனில் ஒரு படம் காட்டினான். பனிக்கு நடுவில் நீங்கள். பச்சை கார்டிகன். கீழே எழுதியிருந்தீர்கள்: 'அக்கா கடைசியாகப் பின்னியது. உடம்பு முடியாத நேரம், பாவம். இடுப்பில் பட்டி போட மறந்துவிட்டாள். இடது பக்கம் பின்னலும் மாறிப்போயிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு கண்ணியிலும் அவள் அன்பு.' எத்தனையோ பேர் இதயம் போட்டிருந்தார்கள். உங்களைப் போல் ஒரு தம்பி கிடைக்க அக்கா கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு அம்மாள் எழுதியிருந்தார்.

நான் ஃபோனை மகன் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றேன். யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அவர் எதையும் மறக்கவில்லை. எதுவும் மாறிப்போகவில்லை. உங்கள் உடம்பில் வரப்போகிற ஒரு தழும்பின் அளவுக்கு அந்தச் சட்டையைப் பின்னினார். அந்தத் தழும்பு உங்களிடம் இல்லை. இல்லாததனால்தான் இடது பக்கம் உங்களுக்குப் பிழையாகத் தெரிகிறது.

சிறுநீரகம் தராதது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் உடம்பு. பயம் எல்லாருக்கும் உண்டு, பெண்டாட்டி பிள்ளை உண்டு. என் அண்ணனும் தரவில்லை. உங்கள் அக்கா எத்தனை இல்லைகளை வைத்துக்கொண்டு எதையெல்லாம் உண்டாக்கினார் என்று மேலே எழுதியிருக்கிறேன். உங்களிடமிருந்து ஒரு இல்லை வந்திருந்தால், மறுநாளே டாக்டரிடம் போய்ப் பெயர் கொடுத்திருப்பார். அதை நீங்கள் கொடுக்கவில்லை. ஏப்ரல் ஏப்ரல் என்று சொல்லிச் சொல்லி அவரை அந்த வரிசையில் நிற்கவிடாமல் பிடித்து வைத்திருந்தீர்கள். முதல் வரியில் நான் எழுதியது இதைத்தான்.

எனக்குத் தனியாக ஃபோன் செய்ய வேண்டாம், எடுக்கமாட்டேன். மலர்க்குழுவுக்கு வருத்தக் கடிதம் போட வேண்டாம். ஆறு கட்டில்காரர்களும் ஒரு நர்ஸும் கேட்கத் தருகிறேன் என்று சொன்னீர்கள். பதிலும் நாலு பேர் பார்க்க வர வேண்டும். உங்கள் முகநூலில் எழுதுவீர்களோ, இதே மலருக்கு எழுதுவீர்களோ, உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். தருவதில்லை என்று நீங்கள் மனதில் முடிவு செய்தது எப்போது? கண்டக்டருக்கு ஃபோன் வந்த நாளுக்கு முன்பா, பின்பா?